படித்துப் புரிந்துகொண்டேன்

ஜூன் 1, சனி

மகளிர் காவல் நிலையத்தில் ரைட்டராக நாள் முழுக்க எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஒரு டைரியைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறேன் என்று ரோஸ்லினுக்குச் சிரிப்பு. நிலையத்து நாட்குறிப்பு அரசாங்கத்துக்கு. அதில் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று இருக்கும். இது எனக்கு. இதில் என் வயிற்றெரிச்சல் இருக்கும்.

ரோஸ்லினை இன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பித்தப்பையில் கல். மூன்று மாதமாக வலியை மறைத்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பயிற்சிக் காலத்தில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் வேன் கவிழ்ந்து இடுப்பு உடைந்ததோடு வேலையை விட்டாள். இப்போது மாவட்டத்தில் பாதிப் பேர் போட்டிருக்கிற காக்கிச் சட்டை அவள் தைத்ததுதான். 14ஆம் தேதி ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். சகோதரி என்று போட்டேன். எப்போதும் போடுவதுதான். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் சித்தி மகள் என்று இருக்கும், கேஸ் கனெக்‌ஷனில் அத்தை மகள். இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. தலைமைக் காவலர் ஆவுடையம்மாள் எழுதிய காகிதம் எங்கே போனாலும் நிற்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோர்ட்டும் ஒரு தாளைத் திருப்பி அனுப்பியதில்லை.

ரோஸ்லின் கவுண்டரில் எட்டி அதை வாசித்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வலி போல.

ஜூன் 4, செவ்வாய்

பெண்ணைக் காணவில்லை என்று மனு. பெயர் இந்துஜா, வயது இருபத்திரண்டு, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா சுப்பையா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கூட வந்த பெரியப்பா துரைப்பாண்டிதான் பேசினார்.

“இருபத்து மூணாம் தேதி கல்யாணம் ஏட்டம்மா. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. கூட்டாளிப் பிள்ள ஒருத்தி, தேன்மொழின்னு, கண்ணாடிக் கடையில பவர் பாக்குதவ, அவதான் மனசக் கலைச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா.”

அம்மா என்று ஒருத்தி பின்னால் நின்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

காணாமல் போய்த் திரும்புகிற பெண்களின் வாக்குமூலத்துக்கு என்னிடம் நாலு அச்சு உண்டு. காதல், வீட்டில் சண்டை, பரீட்சையில் தோல்வி, சாமியார். எவள் வந்தாலும் நாலில் ஒன்றில் உட்கார்ந்துவிடுவாள். கூடப் போனது தோழி என்றால் இரண்டாவது அச்சு. அதன் கடைசி வரி, ‘இனி என் பெற்றோருக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என உறுதி கூறுகிறேன்.’ கை தானாக எழுதும். புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் பார்த்துத்தான் எழுதப் பழகுகிறார்கள்.

ஜூன் 5, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. நல்ல விளமீன் வாங்கி வந்தேன். ரோஸ்லின் கஞ்சி போதும் என்றுவிட்டாள். தனியாகத் தின்னப் பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

சாயங்காலம் அந்த இரண்டு பெண்களும் தாங்களாகவே நிலையத்துக்கு வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. நான்தான் எல்லாம்.

இந்துஜா ஒல்லியாக, உயரமாக இருந்தாள். தேன்மொழி அவள் தோள் உயரம். கையில் ஒரு சாப்பாட்டுக் கூடை.

“நாங்க ஓடிப்போகல ஏட்டம்மா. தூத்துக்குடில வேல பாத்தாச்சு, வீடும் பாத்தாச்சு. தேடுதாங்கன்னு தெரிஞ்சதும் நாங்களேதான் வாரோம்” என்றாள் இந்துஜா.

சரி என்று எழுத உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்தது. கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் வாங்கி வாசித்தாள். என் காகிதத்தை யாரும் வாசித்ததே கிடையாது, வாங்குவார்கள், போடுவார்கள், போவார்கள். இவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துவிட்டுப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“இது நான் சொன்னது இல்ல.”

“எது நீ சொன்னது இல்ல?”

“‘தோழியுடன் சென்றுவிட்டேன்’னு போட்டிருக்கிய. ‘வீட்டில் ஏற்பட்ட மனஸ்தாபம் காரணமாக’ன்னு போட்டிருக்கிய. எனக்கு யார் கூடயும் மனஸ்தாபம் இல்ல. நானும் தேன்மொழியும் சேந்து வாழப்போறோம். நாலு தடவ சொன்னேன்.”

“அதத்தானளா தோழின்னு எழுதியிருக்கேன்.”

“தோழின்னு இருந்தா ரெண்டு நாள்ல சரியாயிரும்னு வீட்டுக்கு அனுப்பிருவிய. வேற வார்த்த போடுங்க.”

“வேற என்ன வார்த்த?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதான ரைட்டர்.”

காது வரைக்கும் சூடேறியது. அந்த நேரம் பார்த்துத் தேன்மொழி, “பேப்பர ரொம்பத் தள்ளி வச்சு எழுதுதிய ஏட்டம்மா, உங்களுக்கு இந்தப் பவர் பத்தாது” என்றாள். இருக்கிற எரிச்சலுக்கு இது வேறு.

அவள் சொன்னதில் ஒன்று உண்மை. மனஸ்தாபம் என்று தாளில் இருந்தால் கோர்ட்டில் நாலு நல்ல வார்த்தை சொல்லி அப்பா அம்மாவோடு அனுப்பிவிடுவார்கள். அப்படி எத்தனை பேரை என் தாள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான், இத்தனை நாளும்.

நாளை இரண்டாம் சனி, பிறகு ஞாயிறு. இன்ஸ்பெக்டர் அம்மா போனில், “அந்தப் பொண்ணக் காப்பகத்துல விடுங்க. திங்கட்கிழமை கோர்ட். அதுக்குள்ள எழுதி வாங்கிடுங்க” என்றார். வண்டியில் ஏறும்போது இந்துஜா, “வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதிய” என்றாள். தேன்மொழி அந்தச் சாப்பாட்டுக் கூடையை அவள் மடியில் வைத்துவிட்டுச் சாரலில் நனைந்துகொண்டு நின்றாள்.

ஜூன் 8, சனி

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ரோஸ்லினிடம் பொரிந்து தள்ளினேன். நேற்றுப் பிறந்த பிள்ளை, என் தாளைத் திருப்பித் தருகிறாள். ரோஸ்லின் காஜா தைத்துக்கொண்டே கேட்டாள், “அந்தப் பிள்ள கேட்டதுல என்ன தப்பு? வார்த்த உன்கிட்டதான இருக்கணும்.”

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. போன அக்டோபரில் மேலிருந்து வந்தது. பாலினம், பாலீர்ப்பு பற்றி நிலையத்தில் என்னென்ன சொற்களால் எழுத வேண்டும் என்று எட்டுப் பக்கம். நிலையத்துக்குப் போய்த் தேடினேன். என் மேசையின் மூன்றாவது டிராயரில், பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் விரித்துக் கிடந்தது.

கடைசிப் பக்கத்தில் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் பதினான்கு கையெழுத்து. பதினான்கும் என் கை. எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் இப்படித்தான். மாலைக்குள் பதில் போக வேண்டும், ஆள்கள் பந்தோபஸ்தில் இருப்பார்கள், ரைட்டர் வேறு என்ன செய்வாள்? இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் பச்சை மை. செல்வமேரிக்கு இடது பக்கம் சாய்ந்த எழுத்து. அவரவர் பார்த்தாலே சந்தேகம் வராது, அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் ஒரு பக்கத்தையும் யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரோஸ்லின்தான் வாங்கிச் சத்தமாக வாசித்தாள். திருநங்கை, திருநம்பி, ஊடுபால், இருபாலீர்ப்பு, தன்பாலீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்கம். இழிவான சொற்கள் என்று ஒரு பட்டியல் தனியாக. அதில் பாதி நான் எழுதியவை.

‘இணையர்’ என்ற இடத்தில் அவள் நின்றாள். அதை இரண்டு தடவை வாசித்தாள்.

“நல்ல வார்த்தயா இருக்கு” என்றாள்.

நான் குக்கரைப் பார்க்கப் போனேன்.

“ஏ ஆவுடை, பதினாலுல ஒண்ணு உன் சொந்தக் கையெழுத்துல்லா? அதையும் படிக்காமத்தான் போட்டியோ?”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொன்னேன். யூனிஃபார்மை எடுத்துத் துவைத்தேன். காலையில்தான் துவைத்திருந்தேன் என்பது காயப்போடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

காப்பகத்துக்குப் போய் இந்துஜாவிடம் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் பழக்கதோஷம் போகுமா, முதல் கேள்வியே இப்படித்தான் வந்தது.

“உங்க ரெண்டு பேருல ஆம்பள மாதிரி யாரு?”

அவள் சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். “ரெண்டு பேரும் பொம்பளதான் ஏட்டம்மா. ஆம்பள வேணும்னா வீட்டுல பாத்த மாப்பிள்ளையே இருக்காருல்லா.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். “அப்ப இந்தத் திருநம்பிங்கிறது?”

“அது வேற. பிறந்தப்ப பொண்ணுன்னு சொல்லியிருப்பாங்க, ஆனா அவர் ஆண். தான் யாருங்கிறது ஒண்ணு, யார் மேல மனசு போகுதுங்கிறது ஒண்ணு. நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புதிய.”

கட்டம் என்றால் எனக்குப் புரியும். பெயருக்கு ஒரு கட்டம், உறவுக்கு ஒரு கட்டம். ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் தாள் முழுக்கத் தப்பு. பாலின அடையாளம் ஒரு கட்டம், பாலீர்ப்பு இன்னொரு கட்டம். இதைத்தான் எட்டுப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு அவள் போன வருடத்துக் கதையைச் சொன்னாள். விஷயம் தெரிந்ததும் தலைவலிக்கு என்று சொல்லி வெளியூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். பதினோரு நாள் ஊசி. எது பகல், எது ராத்திரி என்று தெரியாமல் கிடந்திருக்கிறாள். “இப்ப வீட்டுக்குப் போனா இருபத்து மூணாம் தேதி வரைக்கும் அப்படியேதான் வச்சிருப்பாங்க. தாலி கட்டும்போதுதான் முழிப்பேன்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது. நாலு அச்சில் எதிலும் அவள் உட்காரவில்லை. என் கை தானாக ஓடவுமில்லை, ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்றுதான் போனது. ஆனால் எழுதி முடித்ததும், நான் எழுதியதில் இதுதான் நல்ல தாள் என்று எனக்கே தெரிந்தது.

நடுவில் அவள் கேட்டாள், “உங்க வீட்டுல யாரு இருக்கா ஏட்டம்மா?”

“ரோஸ்லின்.”

“சொந்தமா?”

பேனாவில் மை சரியாக இறங்கவில்லை. வேறு பேனா எடுக்க வேண்டியதாயிற்று.

ஐந்து பக்கத்தையும் விரல் வைத்து வாசித்து, ஐந்திலும் கையெழுத்துப் போட்டாள். விஷயம் எப்படியோ காதுக்குப் போய், வெளியே வாசலில் துரைப்பாண்டி நின்றார்.

“ஏட்டம்மா, ஒரு வார்த்ததான. தோழின்னே இருந்துட்டுப் போகட்டும்.”

“ஒரு வார்த்ததானங்கியள்லா? அப்ப அத மாத்த எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்து நிக்கிய?” என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஜூன் 10, திங்கள்

இன்ஸ்பெக்டர் அம்மா ஏழரைக்கே வந்துவிட்டார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

“என்ன ஏட்டம்மா இது, தன்பாலீர்ப்பு, இணையர்னு? கோர்ட்டுல சிரிக்கப்போறாங்க. வழக்கம்போல ஒரு பக்கத்துல எழுதி முடிங்க. அந்தப் பெரியப்பா நாலு தடவை போன் பண்ணிட்டாரு.”

சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்தேன். “இதுல உள்ள வார்த்ததான்மா. இப்படித்தான் எழுதணும்னு போட்டிருக்கு. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதா நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிய.”

பச்சை மையை ரொம்ப நேரம் பார்த்தார். “இது என் கையெழுத்தா?”

“இல்லம்மா. நான் போட்டது. பதினாலும் நான் போட்டது. தப்பு என் மேல, மெமோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா மேல உள்ளவங்களப் பொறுத்தவரைக்கும் நாம எல்லாரும் இதப் படிச்சாச்சு. இன்னைக்குப் பழையபடி எழுதினா, படிச்சும் தப்பா எழுதினதாத்தான் ஆகும்.”

சஸ்பென்ஷன் என்றால் ஆபரேஷன் நேரத்தில் என்ன செய்வது என்று மனதில் ஓடியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டுப் பக்கத்தையும் படித்தார். பிறகு என் ஐந்து பக்கத்தையும் படித்தார். டீ ஆடை கட்டிப்போனது.

“அந்த ஊசி போட்ட டாக்டர் பேரு தனியாக் குறிச்சு வைங்க, அப்புறம் பாக்கணும்” என்றார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டே, “என் கையெழுத்துல கடைசிச் சுழி இவ்வளவு அழகா வராது ஏட்டம்மா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ஐந்து பக்கத்தையும் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. இந்துஜாவிடம் வயதைக் கேட்டார், யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார், எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்டார்.

“தூத்துக்குடிக்கு. என் இணையரோட.”

கூண்டில் நின்று அவள் அதைச் சொன்னபோது குரல் ஆடவே இல்லை. அவள் தன் விருப்பப்படி போகலாம், ஊர் போய்ச் சேரும்வரை யாரும் தொந்தரவு செய்யாமல் நிலையம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவானது. பிறகு மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கி, “இந்த வாக்குமூலம் எழுதினது யாரு?” என்றார்.

முன்னால் போய் விறைப்பாக நின்றேன்.

“தெளிவா இருக்கு” என்றார்.

எனக்கு இரண்டு மெடல் வந்திருக்கிறது, டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இந்த இரண்டு வார்த்தைக்கு அது ஈடாகாது. பெருமையில் மூச்சு முட்டியது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

வெளியே அப்பாவும் பெரியப்பாவும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்கள். அம்மா மட்டும் பின்தங்கி என்னிடம் வந்தாள். அவள் பேசி நான் கேட்டதே அப்போதுதான்.

“அவ சொன்ன அந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?”

“கூட வாழுத ஆளுன்னு அர்த்தம். நல்லது கெட்டது எல்லாத்துலயும் கூட இருக்க ஆளு.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அவளுக்குச் சின்னதுலருந்து வீசிங் உண்டு. சாரல்ல நனையவிடக் கூடாது. அந்தப் பிள்ளைட்ட சொல்லிருங்க.”

தேன்மொழியிடம் சொன்னேன். “தெரியும்” என்று கூடையைத் திறந்து காட்டினாள். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருந்தது. பஸ் ஏறும்போது, “கண்ணாடிய மாத்திருங்க ஏட்டம்மா” என்று மறுபடியும் சொன்னாள்.

ஜூன் 11, செவ்வாய்

மெமோ வந்தது. சக ஊழியர்களின் கையெழுத்தைத் தானே இட்டது குறித்து விளக்கம் தரவும் என்று இருந்தது. நன்றாகவே விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

காலை ரோல்காலில் எட்டுப் பக்கத்தையும் சத்தமாக வாசித்தேன். செல்வமேரி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “ஏட்டம்மா, போன மாசம் மனு குடுத்த திருநங்கைய ‘அவன்’னுல்லா எழுதியிருக்கோம்?” என்று கேட்டாள். “ஆமா, நான்தான் எழுதினேன். அவங்களக் கூப்பிட்டு விட்டுத் திருத்தணும்” என்றேன்.

புதுத் தாள் போட்டு, பதின்மூன்று பேரும் வரிசையில் நின்று தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா பச்சை மையில் போட்டார். சுழி உண்மையிலேயே சுமார்தான்.

என் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. போன் வந்ததில் மறந்துபோனது.

ஜூன் 12, புதன்

கண்ணாடி மாற்றினேன். ரோஸ்லினுக்கு இடது கன்னத்தில் இருக்கிற மரு இவ்வளவு சின்னதா என்று இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

ரோஸ்லின் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள். “பயமா இருக்கா?” என்று கேட்டேன். “எனக்கென்ன, மயக்கம் போட்டுருவாங்க. நீதான் முழிச்சிட்டு இருக்கணும்” என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

ஆபரேஷனுக்கு முன்னால் புதிதாக ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். ரோஸ்லின் பச்சை கவுன் போட்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று, அவள் கால்மாட்டில் வைத்தே எழுதினேன். அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நோயாளியின் பெயர்: ச. ரோஸ்லின்.
கையெழுத்திடுபவர்: இ. ஆவுடையம்மாள், தலைமைக் காவலர்.
நோயாளிக்கு என்ன உறவு: இணையர்.

நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். “போன தடவ சகோதரின்னு போட்டிருந்திய?”

“போன தடவ தப்பா எழுதிட்டேன். அதையும் திருத்திக் குடுக்கேன், எடுத்துட்டு வாம்மா.”

“இணையர்னா...”

“கூட வாழுத ஆளு. பதினெட்டு வருசமா.”

அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள், ரோஸ்லினைப் பார்த்தாள். சரி என்று படிவத்தை என்னிடம் தந்துவிட்டுப் பழைய தாளை எடுக்கப் போனாள். ரோஸ்லின் கையை நீட்டி, அந்தப் படிவத்தைக் காட்டச் சொன்னாள். மூன்றாவது வரியில் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தாள்.

“எழுத்து நல்லா இருக்கு ரைட்டரம்மா” என்றாள். பிறகு தன் கண்ணைத் துடைத்துவிடச் சொன்னாள். அவளுக்கு ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது, மற்றதை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

கல் நாலு. டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மணிக்குக் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

அவள் தூங்கியதும் நிலையத்துக்கு ஒரு நடை போய் வந்தேன். புதுத் தாளை எடுத்து, படித்துப் புரிந்துகொண்டேன் என்பதற்குக் கீழே பதினான்காவது இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.